துள்ளுமாவு வாங்கியவர்கள்

எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பலகையில் பெரிய எழுத்தில் சாமி பெயர் எழுதியிருந்தாலும், 'கொரோனா கடை' என்று கேட்டால்தான் கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் வழி சொல்வார்கள். கடைக்காரர் சுப்பராயலு 2020இல் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து இருமினார். தெருவின் இரண்டு முனையிலும் சவுக்குக் கழி நட்டுத் தகரம் அடித்தார்கள். இருபத்தெட்டு நாள் யாரும் வெளியே போகவில்லை. சுப்பராயலு பிழைத்துக்கொண்டார், ஆனால் கடையின் பெயர் பிழைக்கவில்லை. அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்ததை முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்குப் பயந்து செய்தேன் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

என் பெயர் அரிகரன். புதுச்சேரி அரசில் மேல்நிலை எழுத்தர். இந்த அரசில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு தண்டனை உண்டு. ஒரு நாள் காலையில் ஒரு தாளை நீட்டி, மாஹேவுக்குப் போ என்பார்கள். அதுவும் நம் அரசுதான், நம் முத்திரைதான். ஆனால் இடையில் இரண்டு மாநிலம், ஒரு ராத்திரி ரயில், புரியாத ஒரு மொழி. நான் போனபோது என் மகள் யாமினிக்கு மூன்று வயது. இப்போது ஏழு. பல் விழுந்ததையும் முளைத்ததையும் செல்போனில்தான் பார்த்தேன். யாராவது கேட்டால் 'எங்கப்பா மாஹே அப்பா' என்பாள், என்னவோ அப்பாக்களில் அப்படி ஒரு ரகம் இருப்பதுபோல. நாலு வருடம் மனு மேல் மனு கொடுத்து, ஒருவழியாகப் போன மாதம் ஊருக்கு மாற்றல் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை விடுவித்தார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் வாட்ச்மேன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் அவருக்குக் கட்டுப் போடும்வரை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன், உடம்பு அனலாகக் கொதித்தது. தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது. தண்ணீர் கேட்டான். என் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதிலிருந்து அப்புறம் நானும் குடித்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ரயில் சேலம் தாண்டியபோது மாஹே நண்பர் ஒருவர் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். நிபா காய்ச்சல் வந்து இறந்துபோன ஒருவர் எங்கெங்கே போனார் என்ற பட்டியல். செவ்வாய்க்கிழமை, மாலை 6.10 முதல் 7.40 வரை, அந்த ஆஸ்பத்திரி, அந்த அவசரப் பிரிவு. அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் யாரையும் தொடாமல் தனியாக இருக்க வேண்டும், உடனே இந்த எண்ணை அழைக்க வேண்டும், இருபத்தொரு நாள் கண்காணிப்பு.

எண்ணை அழுத்தக் கட்டைவிரல் போனது. அழைத்தால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். மாஹே திரும்பு என்பார்கள். ஊரில் கிடைத்த என் நாற்காலிக்கு வேறு ஒருவன் காத்திருக்கிறான். எங்கள் தெருவில் மறுபடி தகரம் அடிப்பார்கள். யாமினியைப் பள்ளிக்கூடத்தில் நிபா என்று கூப்பிடுவார்கள். விரலை எடுத்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் யாரையும் தொடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். நான் நோயைப் பரப்ப நினைத்தவன் இல்லை, தயவுசெய்து அதை மட்டும் நம்புங்கள். இருபத்தொரு நாள் தனியாக இருக்க வேண்டும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அப்படி ஒரு வழி எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறதே என்று விழுப்புரம் வருவதற்குள் பிடிபட்டது. அம்மை! அம்மை போட்டவனை டாக்டரிடம் கூட்டிப் போக மாட்டார்கள். வெளி ஆள் வீட்டுக்குள் வர மாட்டான். ஆபீசில் சொன்னால், 'மெதுவா வாங்க சார்' என்பார்கள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஒதுங்கி நின்று மனைவி சிவகாமசுந்தரிக்குப் போன் செய்தேன்.

"சிவகாமி, எனக்கு அம்ம போட்டிருக்கு. பின் ரூம ஒழிச்சு வையி. யாமினிய கரியமாணிக்கத்துல உங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடு. நான் வர்றதுக்குள்ள அவ வூட்ல இருக்கக் கூடாது."

வாடகைக் காரின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொல்லி, பின்சீட்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வேப்பிலைக்குக் கீழே யாமினி நின்றிருந்தாள்.

"ஏன் அனுப்பல?" என்று தெருவிலிருந்தே கத்தினேன்.

"பெரியம்மா வுடமாட்டேன்றாங்க," என்றாள் சிவகாமி. "ஆத்தா வந்த வூட்ட வுட்டு யாரும் வெளிய போவக் கூடாதாம். மூணாந்தண்ணி ஊத்தற வரிக்கும் இங்கதான் இருக்கணுமாம்."

பெரியம்மா வேலம்மாள் என் அப்பாவின் அண்ணி. பெரியப்பா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். இந்தத் தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் தண்ணீர் ஊற்ற நாள் குறிப்பது அவர்தான். எந்தச் சாக்கைச் சொல்லி மகளைக் காப்பாற்ற நினைத்தேனோ, அந்தச் சாக்கே அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது. அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

பின் அறை எட்டடிக்குப் பத்தடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஒரு கதவு வீட்டுப் பக்கம், இன்னொன்று தோட்டத்துக் கழிவறைப் பக்கம், சந்தைப் பார்த்துக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். சுவரில் தினக் காலண்டர். உள்ளே போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் வேலம்மாள் பாயையும் வேப்பிலைக் கொத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆத்தா வந்தவங்கள தனியா வுடக் கூடாதுடா. பக்கத்துல இருந்து வேப்பல வீசணும். நான் இங்கியே படுத்துக்கறேன்."

"வேணாம் பெரிம்மா."

"இன்னாடா வேணாம்? உனக்கு இன்னா தெரியும்? நவுரு, முத்து எங்க போட்டுக்குதுன்னு பாக்கறேன்."

காலை எடுத்து உள்ளே வைக்கப் போனார். "வராத! எவளும் இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது! அஞ்சடி தள்ளி நில்லு!" என்று கத்தினேன். ராத்திரி முழுக்கத் தூங்காத தொண்டை, கரகரவென்று யாருடைய குரலோபோல வந்தது.

வேலம்மாள் பாயைக் கீழே போட்டார். கை இரண்டும் தலைக்கு மேலே போனது.

"உத்தரவு தாயே! உத்தரவு!"

பேசியது நான்தான், ஆத்தா இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. ஐந்தடி தள்ளி நிற்கிறார்களே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாளே ஜன்னலுக்கு வெளியே சந்தில் மஞ்சளைக் கரைத்துக் கோடு போட்டுவிட்டார்கள். கொரோனா காலத்தில் ரேஷன் கடை வாசலில் சர்க்கார் போட்ட வட்டத்துக்குள் ஒருவராவது நின்றிருப்பாரா? இந்தக் கோட்டை ஒருவரும் தாண்டவில்லை. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. அரிகரன் மேல் ஆத்தா இறங்கிப் பேசுகிறாளாம். ஒருத்தி மகள் கல்யாணத்தைக் கேட்டாள். ஒருத்தி போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் பக்கத்தில் வருவார்களோ என்று பயந்து நானும் பதில் சொன்னேன். இருபது வருடம் மனுக்களுக்குப் பதில் எழுதியவன் நான். 'ஆவணி போகட்டும்', 'பொறு, பார்க்கலாம்' என்றெல்லாம் சொல்வதற்குப் பெரிய அருள் தேவைப்படவில்லை.

நாலாம் நாள் சுப்பராயலு வந்தார். எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டுக் கோட்டருகே வந்து கும்பிட்டார்.

"தாயே, எங்கடைக்கு அந்தப் பேரு எப்ப தாயே போவும்?"

கம்பிக்குப் பின்னால் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பொய்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

சிவகாமி மட்டும் என்னைக் கும்பிடவில்லை. சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள்.

"முத்து எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

"முதுகுல."

"மூஞ்சியில ஒண்ணு கூடவா போடல? யாருக்குங்க இப்படிப் போட்டுப் பாத்திருக்கீங்க?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். யாமினிக்கோ ஒரே கொண்டாட்டம். பள்ளிக்கூடம் இல்லை, அப்பா வீட்டில் இருக்கிறார், அதுவும் சாமியாக இருக்கிறார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்து, வரைந்த படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். ஐந்தடி தூரத்தில் மகள். மாஹேயில் இருந்தபோது அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாள், அப்போதெல்லாம் இப்படி வலித்ததில்லை. காலண்டரில் தாளைக் கிழிப்பதும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், மாஹேயிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் பார்க்கும் கருவியை நாக்கடியில் வைப்பதும்தான் எனக்கு வேலை. ஒன்றும் இல்லை, இன்றும் ஒன்றும் இல்லை என்று நாட்கள் போயின.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முதல் தண்ணி என்று வேலம்மாள் நாள் குறித்தார். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் எழுந்தபோதே தலை கனத்தது. ஆஸ்பெஸ்டாஸ் வெக்கை என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தை வாசற்படியில் வைத்தார்கள், நானே ஊற்றிக்கொண்டேன். பிறகு வேலம்மாள் ஒரு பெரிய தாம்பாளத்தைத் தரையோடு தள்ளிவிட்டார். அரிசி மாவும் வெல்லமும் கலந்த துள்ளுமாவு.

"கையால நல்லா பெசஞ்சி, ஒரு வாய் போட்டுக்கினு மீதியக் குடு தாயே."

பிசைந்தேன். ஒரு வாய் தின்றேன். விரலை நக்கிவிட்டு மறுபடி ஒருமுறை பிசைந்து, தாம்பாளத்தை வெளியே தள்ளினேன். வேப்பிலையைப்போல இதையும் குளத்தில்தான் போடுவார்கள் என்று நினைத்தேன். ஊரில் இல்லாத நாலு வருடத்தில் இதெல்லாம் மறந்தே போயிருந்தது.

தலைவலி குறையவில்லை என்று கருவியை எடுத்து வைத்தேன். நூற்றொன்று புள்ளி நாலு.

உதறி மறுபடி வைத்தேன். அதே நூற்றொன்று புள்ளி நாலு. அப்போதுதான் தெருவிலிருந்து பிள்ளைகளின் சத்தமும், அதற்கு மேலே வேலம்மாளின் குரலும் கேட்டது.

"ஆத்தா கைப்பட்ட மாவுடா! வரிசையா வாங்க. இத துன்னா எந்தக் காச்சலும் கிட்ட வராது!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "துன்னாதீங்க! துப்புங்க! இது ஆத்தா இல்ல, வியாதி! நிபா! எனக்கு நிபா காச்சல்!"

அப்புறம் குலவைச் சத்தம் எழுந்தது. பெண்கள் சந்துக்குள் ஓடிவந்து கோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"ஆத்தா வெளையாடறா! கப்பூரம் ஏத்துங்கடி!"

"இன்னா கொற வச்சோம் தாயே? சொல்லு தாயே!"

நான் சொல்லச் சொல்ல அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அரிகரன், எழுத்தர் அரிகரன் என்று கதறினேன். தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கும் கற்பூரம் ஏற்றினார்கள். ஒன்பது நாளாக என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவர்களுக்கு ஆத்தா வாக்கு. இதுவும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. எட்டுக்குப் பத்து அறையைவிட அந்தப் பொய் சிறியதாக இருந்தது, அதற்குள்ளிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை.

குலவை கேட்டுச் சிவகாமி தோட்டத்துப் பக்கமிருந்து ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோட்டருகே நின்று என் கண்ணைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க."

வாயால் சொல்லி இனிப் பயனில்லை. சட்டையைக் கழற்றினேன். திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். முத்து இல்லை, தடிப்பு இல்லை, ஒரு பரு கூட இல்லை. கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்கியது.

"ஆத்தா பேர்லயாடா பொய் சொன்ன?" என்றது வேலம்மாளின் குரல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருவில் முதலில் நம்பியது சுப்பராயலு. "துப்புங்கடா! கைய கழுவுங்கடா! சோப்பு போட்டுக் கழுவுங்கடா!" என்று அவர் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. தாம்பாளம் கல்லில் மோதி உருண்டது. நான் ரயிலில் அழுத்தாமல் விட்ட எண்ணை அழுத்தினேன். பெயர், பதவி, செவ்வாய்க்கிழமை, ஆறு பத்து முதல் ஏழு நாற்பது வரை எல்லாம் சொன்னேன். எதிர்முனைப் பெண் மலையாளத்திலும் தமிழிலுமாக ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டாள், இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்று.

ஒன்றரை மணி நேரத்தில் தலையிலிருந்து கால்வரை உறை மாட்டியவர்கள் வந்து என்னை ஏற்றிப் போனார்கள். தெரு முனையில் சவுக்குக் கழி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அரசு ஆஸ்பத்திரியின் தனியறை ஒன்றில் இருக்கிறேன். இந்த ஜன்னல் திறக்காது. தொண்டையில் துடைத்து எடுத்ததை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு நாளை மாலை தெரியும். சாதாரணக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம் என்கிறார் டாக்டர். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் சொல்கிறார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்பு சுகாதார நிலையத்து நர்ஸ் கல்பனா போன் செய்தார்.

"சார், மாவு சாப்ட்ட பசங்க யார் யார்னு லிஸ்ட் வேணும். பயத்துல சில பேரு பசங்கள மறச்சு வச்சுக்கினு இல்லன்றாங்க. ஒண்ணு விட்டாலும் கஷ்டம் சார். எல்லாரையும் இங்க கூட்டினு வந்து தனித்தனி ரூம்ல வைக்கணும். அம்மா அப்பா யாரும் கூட இருக்க முடியாது. முகத்த மூடினு நாங்கதான் பாத்துக்குவோம்."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. இந்தத் தெருவில் வாழ வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். சிவகாமிக்கும் தெரியவில்லை, அவள் அப்போது தோட்டத்தில் இருந்திருக்கிறாள். வேலம்மாள் போனைத் தொடவே மறுத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்பா," என்று யாமினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எழுதிக்கிறியா? கௌதமு. அவன் ரெண்டு வாட்டி வாங்கினான். அப்பறம் சிந்து, சிந்து தம்பி. கடக்காரரு பொண்ணு. அவ வேணாம்னுதான் சொன்னா, நான்தான் ஆத்தா மாவு வாங்கிக்கோன்னேன்…"

அவள் சொல்லச் சொல்ல மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினேழு பெயர். எத்தனை தெளிவாகச் சொல்கிறாள் என்று அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதாம்பா."

மூச்சு விட்டேன். "நீ அப்ப அம்மாகூட தோட்டத்துல இருந்தியா?"

"இல்லப்பா, நாந்தான எல்லாருக்கும் குடுத்தேன். சாமியோட பொண்ணு கையால குடுத்தா நல்லதுன்னு வேலம்மா ஆயா சொன்னாங்க."

"நீ துன்னியா?"

"எனக்குத் தீந்துடுச்சுப்பா. தாம்பாளத்துல ஒட்டினு இருந்தத வழிச்சு நக்கினேன். நீ தொட்டதாச்சே."

எப்படிப் போனை வைத்தேன் என்று தெரியவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழு பெயரிலும் அவள் பெயர் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அவள் அம்மா மடியில் இருப்பாள். சொன்னால், இதேபோல ஒரு அறை, திறக்காத ஜன்னல், உறை மாட்டிய மனிதர்கள். இருட்டில் தனியாகப் படுக்கப் பயப்படுகிறவள். ஏழு வயது. ரயிலில் அந்த எண்ணின்மேல் நின்ற அதே கட்டைவிரல்தான் அட்டையைப் பிடித்திருந்தது.

போன் அடித்தது. கல்பனா. பதினேழு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"இவ்ளோதானா சார்? வேற யாரும் இல்லியே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் ஒரு பேரு இருக்கும்மா," என்றேன். "எழுதிக்குங்க. யாமினி. வயசு ஏழு. அப்பா பேரு அரிகரன்."